சிரிக்க வைக்கும் சாட்சி

2024 ஜூனில் ஒரு புகைப்படப் போட்டியில் வினோதமான தகுதிநீக்கம் ஒன்று நடந்தது. '1839 விருதுகள்' என்ற அந்தப் போட்டியில், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் நடுவர்கள் மூன்றாம் இடம் கொடுத்த படமே பார்வையாளர்களின் வாக்கையும் வென்றது. வெளிறிய மணலில் ஒரு பூநாரை நிற்கிறது. இளஞ்சிவப்பு உருண்டை உடம்பு, கீழே குச்சிக் கால்கள், அவ்வளவுதான். தலையைக் காணோம், கழுத்தையும் காணோம். பரிசு அறிவித்த பிறகு மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற அந்தக் கலைஞர் உண்மையைச் சொன்னார். படம் கணினி வரைந்ததல்ல, அரூபா தீவில் அவரே கேமராவில் எடுத்தது. பறவை வயிற்றைச் சொறிந்துகொள்ளத் தலையை உள்ளே வளைத்த நேரத்தில் எடுத்திருக்கிறார். பழவேற்காட்டிலோ கோடியக்கரையிலோ பூநாரைக் கூட்டத்தைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோலம் புதிதல்ல. அமைப்பாளர்கள் படத்தை நீக்கினார்கள். போலிகளின் பந்தியில் அசல் ஒன்று உட்கார்ந்துவிட்டதாம்.

இயற்கை இயந்திரத்தை ஜெயித்துவிட்டது என்று பலர் இதைக் கொண்டாடினார்கள். எனக்கு வேறொன்று முக்கியமாகப் பட்டது. கணினியின் கற்பனை என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் படம் சுமாரான விசித்திரம். நிஜப் பறவை என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிடுகிறது. இத்தனைக்கும் படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அப்படியென்றால் சிரிப்பு படத்துக்குள் இல்லை. கேமராவுக்கு முன்னால் இது நடந்திருக்கிறது என்று நாம் வைக்கும் நம்பிக்கையில் இருக்கிறது. சென்ற நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் செய்யப்பட்ட வேடிக்கையான, மீயதார்த்தமான புகைப்படத் தொடர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்த ஒரு அளவுகோல்தான் எனக்குக் கடைசிவரை கைகொடுக்கிறது. சல்வதோர் டாலி கடிகாரத்தை உருக்கி வரைந்தால் கடிகாரம் உருகியதாக யாரும் நம்புவதில்லை. ஆனால் புகைப்படத்தில் பூனை பறந்தால், எங்கோ ஒரு பூனை உண்மையிலேயே பறந்திருக்கிறது.

பறந்த பூனைக்கு வருவதற்கு முன்னால் அதற்கும் நூறு வருஷம் பின்னே போக வேண்டும். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். மறு வருஷமே அதில் முதல் பொய் எடுக்கப்பட்டுவிட்டது. பிரான்சில் ஹிப்போலித் பாயார் என்பவர் தாமே ஒரு புகைப்பட முறையைக் கண்டுபிடித்திருந்தார். பேரும் பணமும் இன்னொரு கண்டுபிடிப்பாளரான தாகேருக்குப் போய்ச் சேர்ந்தன. பாயார் நீரில் மூழ்கி இறந்த பிணமாகத் தம்மையே படம் எடுத்து, அதன் பின்புறம் ஒரு குறிப்பும் எழுதினார். தாகேருக்கு வாரிக் கொடுத்த அரசாங்கம் இந்த ஏழைக்கு எதுவும் செய்யவில்லை, ஆகவே இவர் ஆற்றில் விழுந்துவிட்டார், பிணவறையில் கேட்க ஆளில்லை, முகமும் கைகளும் அழுகத் தொடங்கிவிட்டன என்பது அதன் சாரம். படத்தில் முகமும் கைகளும் கறுத்துத்தான் தெரிகின்றன. 'பிணம்' அதற்குப் பிறகு 47 வருஷம் நன்றாக வாழ்ந்தது. மனக்குறையை நகைச்சுவையாக்கிச் சாட்சியத்தின் வடிவத்தில் கொடுப்பது என்ற உத்தி அங்கேயே முழுதாக இருக்கிறது. பிறகு வந்தவர்கள் அதைப் பெரிதாக்கினார்கள்.

பூனைகள் பறந்தது 1948இல், நியூயார்க்கில். பிலிப் ஹால்ஸ்மன் எடுத்த 'டாலி அடாமிகஸ்' படத்தில் டாலி குதிக்கிறார், மூன்று பூனைகள் காற்றில் நீந்துகின்றன, ஒரு வாளித் தண்ணீர் வளைந்து பாய்கிறது, நாற்காலி அந்தரத்தில் நிற்கிறது. எண்ணிக்கை சொன்னதும் உதவியாளர்கள் பூனைகளையும் தண்ணீரையும் வீசுவார்கள், கடைசி எண்ணுக்கு டாலி எம்புவார். சரியாக வராவிட்டால் பூனைகளைத் தேடிப் பிடித்து, தரையைத் துடைத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். 28ஆவது முறையில் படம் கிடைத்தது. வெளியான பிரதியில் தொங்கவிட்ட கம்பிகளையும் நாற்காலியைப் பிடித்திருந்த ஹால்ஸ்மனின் மனைவியின் கையையும் மறைத்துவிட்டார்கள். திருத்தாத பிரதி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அதில் கம்பியும் கையும் அப்படியே தெரிகின்றன. என் ரசனைக்குத் திருத்தாத படம்தான் மேல். இத்தனை பேர் இவ்வளவு அபத்தமான காரியத்துக்காக மூச்சு வாங்கியிருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரிகிறது.

அந்த மூச்சு வாங்கலைக் கலையின் மையத்துக்கே கொண்டுவந்தவர்கள் ஜெர்மனியின் அன்னா, பெர்ன்ஹார்ட் புளூமே தம்பதி. 1985இல் வந்த அவர்களுடைய 'சமையலறை வெறி' வரிசையில் நடுத்தர வர்க்க வீட்டின் அடுக்களையில் உருளைக்கிழங்குகள் பறக்கின்றன. கட்டம் போட்ட கோட்டில் கணவர், பூப்போட்ட உடையில் மனைவி, இருவரும் தங்கள் சொந்தப் பொருட்களின் தாக்குதலுக்கு ஆளாகித் தடுமாறுகிறார்கள். வேறு வரிசைகளில் பூஜாடிகள் பேய் பிடித்தாற்போல் ஆடுகின்றன, மரத்தில் மனிதர்கள் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். எதுவும் வெட்டி ஒட்டியதல்ல. கயிறு கட்டி, மெத்தை போட்டு, விழுந்து எடுத்தவை. படங்களைக் கறுப்பு வெள்ளையில், ஆள் உயரத்துக்கும் மேலாக அச்சிட்டுச் சுவரில் வரிசையாக மாட்டினார்கள். அவர்கள் கேலி செய்தது ஜெர்மனியின் ஒழுங்கை. போருக்குப் பிந்தைய அந்தச் சமூகம் திரைச்சீலை, பூஜாடி, பளபளக்கும் சமையலறை ஆகியவற்றுக்குப் பின்னால் எதையெல்லாம் மறைத்து வைத்திருந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் படங்களில் சிரிப்புக்குப் பிறகு கொஞ்சம் குளிரும்.

இதே விழுந்து புரளும் நகைச்சுவைக்கு ஜப்பானில் ஒரு பாட்டி உலகப் புகழ் தேடித் தந்தார். குமாமோட்டோவைச் சேர்ந்த கிமிகோ நிஷிமோட்டோ 72 வயதில் தம் மகன் நடத்திய புகைப்பட வகுப்பில் சேர்ந்தார். அதற்கு முன் கேமராவைத் தொட்டவரில்லை. இளமையில் தலை அலங்காரத் தொழில் பார்த்தவர், சைக்கிள் பந்தய வீராங்கனையாகவும் இருந்தவர். அவருடைய சுய உருவப் படங்களில் அவர் குப்பைப் பைக்குள் கட்டப்பட்டுக் கிடக்கிறார், துணி உலர்த்தும் கம்பத்தில் தொங்குகிறார், கார் மோதித் தூக்கி எறியப்படுகிறார். முதியவர்களைச் சமூகம் எப்படி நடத்துகிறது என்பதற்கு அந்தக் குப்பைப் பையைவிடக் கூர்மையான படம் எனக்குத் தெரியாது. எடுத்தவரோ அதைக் குறும்பாகவே எடுத்தார். கணினியில் படம் திருத்தவும் எழுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டார், ஆகவே அவருடைய எல்லாப் படமும் நேரடியாக நடந்ததல்ல. என் அளவுகோலை இது கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறது. ஆனால் ஆடாத ஒன்று உண்டு. அந்த வயதான உடம்பு நிஜம், பைக்குள் போய் உட்கார்ந்தது நிஜம். 2025இல் தம் 97ஆம் வயதில் மறைந்தார்.

சீனாவின் லியூ போலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2005இல் பெய்ஜிங்கில் கலைஞர்கள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்றை அரசு இடித்தது. அவர் இடிபாடுகளுக்கு முன்னால் நின்று, தம் உடம்பு முழுக்க இடிபாட்டின் நிறங்களைப் பூசவைத்து, பின்னணியோடு கரைந்துபோனார். மணிக்கணக்காக அசையாமல் நின்று எடுத்த அந்தப் படங்கள் முதல் பார்வைக்கு விடுகதை, மறு பார்வைக்குக் காணாமல்போன குடிமகன். பின்னாளில் வணிக நிறுவனங்களுக்கும் இதே உத்தியில் படம் செய்து கொடுத்தார். அவற்றில் விடுகதை மட்டும்தான் மிச்சம்.

இதுவரை சொன்னவர்கள் உடம்பால் கோமாளித்தனம் செய்தவர்கள். ஆவணத்தால் செய்தவர்கள் இன்னொரு சாதி. அவர்களில் ஆசானாக நான் கருதுவது பார்சிலோனாவின் ஹோவான் போன்ட்குபெர்டாவை. பிராங்கோவின் சர்வாதிகாரத்தில் வளர்ந்து, விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். ஆகவே படம் எப்படிப் பொய் சொல்லும் என்பதை அரசிடமும் கற்றார், சந்தையிடமும் கற்றார். 1980களின் இறுதியில் பெரே போர்மிகேராவோடு சேர்ந்து 'ஃபானா' என்ற கண்காட்சியை உருவாக்கினார். பேட்டர் அமைசன்ஹாவ்ஃபன் என்ற ஜெர்மன் விலங்கியல் பேராசிரியர் மர்மமாகக் காணாமல் போனாராம், அவருடைய ஆவணங்கள் தற்செயலாகக் கிடைத்தனவாம். களக்குறிப்புகள், எக்ஸ்ரே படங்கள், பாடம் செய்த உடல்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் காட்சிக்கு இருந்தன. அவற்றில் பன்னிரண்டு கால் பாம்பு உண்டு, குதிரை உடம்புக் குரங்கும் உண்டு. பேராசிரியரும் இல்லை, விலங்குகளும் இல்லை. ஆனால் கண்காட்சி விலங்கியல் அருங்காட்சியகத்தின் மொழியிலேயே பேசியது. லத்தீன் பெயர், தேதி, அளவு, மங்கிய பழுப்பு நிறம் ஆகியவை இருந்தால் நாம் எதையும் மரியாதையோடு பார்ப்போம் என்பது போன்ட்குபெர்டாவுக்குத் தெரிந்திருந்தது. 1988இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை அந்தப் பாம்பு ஊர்ந்துபோனது.

1997இல் அவர் செய்த 'ஸ்புட்னிக்' இன்னும் துணிச்சல். 1968 அக்டோபரில் சோவியத் யூனியன் ஏவிய சோயுஸ் 2 விண்கலம் ஆளில்லாதது. அதனுடன் இணைய முயன்ற சோயுஸ் 3 தோல்வியடைந்தது. இதுவரை வரலாறு. போன்ட்குபெர்டாவின் கதையில் சோயுஸ் 2இல் இவான் இஸ்தோச்னிகோவ் என்ற விண்வெளி வீரரும் குளோகா என்ற நாயும் இருந்தார்கள். விண்வெளியில் காணாமல் போனார்கள். மிஞ்சியது ஒரு வோட்கா பாட்டிலும் அதற்குள் ஒரு குறிப்பும். அவமானத்தை மறைக்கச் சோவியத் அரசு அவரைப் புகைப்படங்களிலிருந்தே அழித்துவிட்டது. 'அழிப்பதற்கு முன்', 'அழித்த பின்' என்று ஜோடி ஜோடியாகப் படங்கள். ஸ்டாலின் காலத்தில் தலைவர்கள் படங்களிலிருந்து உண்மையாகவே அழிக்கப்பட்டதை அறிந்தவர்கள் இதை ஏன் சந்தேகிக்கப் போகிறார்கள்? வீரரின் பெயர் போன்ட்குபெர்டாவின் சொந்தப் பெயரின் ரஷ்ய வடிவம், முகமும் அவருடைய முகமே. ஏமாற்றுபவர் தம் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டுத்தான் ஏமாற்றினார். அப்படியும் 2006இல் ஒரு ஸ்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தக் கதையை உண்மையென்று ஒளிபரப்பியது. 2002இல் அவர் பின்லாந்து எல்லையோரக் கரேலியாவில் அற்புதங்கள் கற்றுத்தரும் மடம் ஒன்றைக் 'கண்டுபிடித்து', அங்கே துறவி வேடத்தில் டால்பின் மீது நின்று கடலில் சறுக்கினார். சாமியார்களின் அற்புதப் படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் நாட்டில் வாழும் நமக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை.

போன்ட்குபெர்டாவின் வாரிசு என்று நார்வேயின் ஜோனாஸ் பெண்டிக்சனைச் சொல்லலாம், அவரளவு சிரிக்கத் தெரியாதவர் என்றாலும். வட மாசிடோனியாவின் வெலேஸ் என்ற சிற்றூர் 2016 அமெரிக்கத் தேர்தலின்போது பொய்ச் செய்தித் தளங்களின் தொழிற்சாலையாக இருந்தது. புகைப்படக்காரர்களின் மேக்னம் அமைப்பின் உறுப்பினரான பெண்டிக்சன் அங்கே போய்க் காலியான அறைகளையும் தெருக்களையும் படமெடுத்தார். மனிதர்களையும் கரடிகளையும் கணினியில் முப்பரிமாண உருவங்களாகச் செய்து உள்ளே வைத்தார். புத்தகத்தின் கட்டுரையையும் கணினி மொழி மாதிரியைக் கொண்டே எழுதவைத்தார். 2021இல் 'வெலேஸ் புத்தகம்' வெளிவந்தது, பாராட்டும் கிடைத்தது. ஊருக்குள் கரடி திரிவதைப் பார்த்தும் யாருக்கும் ஐயம் எழவில்லை. புகைப்படச் செய்தியாளர்களின் பெருவிழாவான பெர்பிஞானில் அதைத் திரையிட்டார்கள். அப்போதும் யாரும் கேட்காததால், போலிக் கணக்கு ஒன்றைத் தொடங்கித் தம்மீது தாமே குற்றம் சாட்டி, ஆட்களைத் தூண்டிவிட வேண்டியிருந்தது. தன் குற்றத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கெஞ்சும் குற்றவாளி! இந்தத் தொடரில் உண்மையான நகைச்சுவை படங்களில் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது.

சிரிப்பு யாருடையது, யாரைப் பார்த்து என்ற கேள்வி கிறிஸ்டினா தெ மிதெல் என்ற ஸ்பானியக் கலைஞரின் 'ஆஃப்ரோநாட்ஸ்' தொடரில்தான் கூர்மையாக எழுகிறது. 1964இல் விடுதலை பெற்ற சாம்பியாவில் எட்வர்ட் மகூகா என்கோலோசோ என்ற ஆசிரியர், அமெரிக்காவையும் ரஷ்யாவையும் முந்திக்கொண்டு நிலவுக்கும் செவ்வாய்க்கும் ஆள் அனுப்பப் போவதாக அறிவித்தார். பயணிகள் பட்டியலில் 17 வயதுப் பெண் ஒருத்தியும் பூனைகளும் இருந்தார்கள். எண்ணெய்ப் பீப்பாய்க்குள் ஆளைப் போட்டு மேட்டிலிருந்து உருட்டிவிடுவது பயிற்சி. யுனெஸ்கோவிடம் 70 லட்சம் பவுண்டு கேட்டார், வரவில்லை. பத்திரிகைப் புகைப்படக்காரராகப் பல வருஷம் வேலை பார்த்துச் சலித்திருந்த தெ மிதெல் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். அச்சிட்ட துணியில் தைத்த விண்வெளி உடை, தெருவிளக்குக் கண்ணாடிபோல ஒரு தலைக்கவசம், பக்கத்தில் ஒரு யானை. படங்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் எடுத்ததே அல்ல, ஸ்பெயினில் எடுத்தது. 2012இல் தாமே பதிப்பித்த 1,000 பிரதிகள் கையோடு கையாக விற்றுப்போயின. பின்னால் மேக்னம் அமைப்பின் தலைவராகவும் ஆனார்.

படங்கள் அழகானவை, கனிவானவை. கேலி இல்லை. என்றாலும் ஓர் ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கனவை வேடிக்கையாக அலங்கரிக்கிறாரே என்ற நெருடலை நான் கடக்க முடியவில்லை. அந்த நெருடலுக்கு விடை சாம்பிய எழுத்தாளர் நம்வாலி செர்ப்பெல்லிடமிருந்து வந்தது. 2017இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை என்கோலோசோவின் மறுபக்கத்தைக் காட்டியது. அவர் விடுதலைப் போராட்டக்காரர், சிறை கண்டவர். விண்வெளித் திட்டமே வெள்ளைப் பத்திரிகையாளர்களைப் பார்த்து முகத்தில் சலனமில்லாமல் அடித்த அங்கதமாகவும், இளைஞர்களின் அரசியல் பயிற்சிக்குத் திரையாகவும் இருந்திருக்கலாம் என்கிறார் செர்ப்பெல். அப்படியானால் 1964இல் சிரித்த உலகம்தான் ஏமாந்தது. தெ மிதெலின் தொடரில் இல்லாத ஒரே ஆள் இந்தத் தந்திரக்கார என்கோலோசோ. அது அந்தத் தொடரின் பெரிய குறை.

ஆப்பிரிக்கா தன்னைத் தானே வேடிக்கை பார்த்துக்கொண்ட புகைப்படத்துக்குச் சாமுவேல் ஃபோசோவிடம் போகவேண்டும். கேமரூனில் பிறந்து, பியாஃப்ரா போருக்குத் தப்பி, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில் 13 வயதில் சொந்த ஸ்டூடியோ திறந்தவர். பகலில் வாடிக்கையாளர்களைப் படமெடுத்தது போகப் பிலிம் சுருளில் மிஞ்சும் சில படங்களை வீணாக்க மனமில்லாமல், இரவில் விதவிதமான உடைகளில் தம்மையே எடுத்துக்கொண்டார். அது பழக்கமாகி, பிறகு கலையானது. 1997இல் பாரிஸின் மலிவு விலைக் கடை ஒன்றுக்காகச் செய்த வரிசையில் ஒரு படம் உண்டு. சிறுத்தைத் தோல், குவியலாக நகைகள், குளிர்கண்ணாடி, கையில் சூரியகாந்திப் பூக்கள் சகிதமாக ஒரு தலைவர் அரியணையில் வீற்றிருக்கிறார். 'ஆப்பிரிக்காவைக் காலனிக்காரர்களுக்கு விற்ற தலைவன்' என்பது தலைப்பு. மொபூட்டு போன்ற சர்வாதிகாரிகளை எல்லாம் ஒரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

ஃபோசோவுக்கு நம் பக்கத்தில் ஒரு சகோதரி உண்டு. பெங்களூரின் புஷ்பமாலா என். பரோடாவில் சிற்பம் படித்தவர். 1990களின் பிற்பாதியில் பம்பாய்த் தெருக்களில் பழைய சண்டைப்பட நாயகி நாடியாவைப் போல முகமூடியும் தொப்பியும் அணிந்து ஒரு திகில் கதையைப் படம் படமாக நடித்தார். 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னியோடு சேர்ந்து செய்த 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்' தொடர் அவருடைய சாதனை. நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பெண் உருவங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் அவரே போய் நின்றார். ரவி வர்மாவின் நிலவொளிப் பெண், வேளாங்கண்ணி மாதா, லட்சுமி. 19ஆம் நூற்றாண்டு மானிடவியலாளர் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி அளவெடுத்த தோடர் பெண். 1970களின் தமிழ்ப்படம் ஒன்றில் சாட்டை சொடுக்கும் ஜெயலலிதா. மாதாவுக்கும் தோடர் பெண்ணுக்கும் சாட்டைக்காரிக்கும் ஒரே முகம். அந்த முகம் எதிலும் முழுதாகப் பொருந்தாமல், ஒரு நூலளவு விலகி நிற்கிறது. அந்த நூலளவு விலகலில்தான் சிரிப்பு. இங்கே அந்த அளவெடுக்கும் படம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. லட்சுமிக்குச் சிரித்த வாய் அதில் தானாக மூடிக்கொள்கிறது.

கௌரி கில்லின் முறை வேறு. மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில் கோக்ணா, வார்லி பழங்குடியினர் திருவிழாவுக்காகக் காகிதக் கூழில் தெய்வ முகமூடிகள் செய்வார்கள். 2015 முதல் கில் அந்தக் கலைஞர்களிடம், குறிப்பாகச் சுபாஸ், பகவான் தர்மா கடு சகோதரர்களிடம், தெய்வங்களை விட்டுவிட்டு அன்றாட உயிர்களையும் பொருட்களையும் முகமூடியாகச் செய்யச் சொன்னார். விளைவு, பாம்புத் தலையும் பறவைத் தலையும் தொலைக்காட்சித் தலையும் கொண்டவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள், மளிகைக் கடையில் சாமான் வாங்குகிறார்கள், வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். முகமூடியே பல சமயம் ஆளைவிட அதிகக் களைப்போடு இருக்கிறது. பழங்குடியினரை வறுமைக்கும் வண்ணத்துக்கும் மட்டும் படமெடுத்துத் தள்ளிய நம் புகைப்பட மரபில், அவர்களும் தங்கள் விருப்பப்படி வேடிக்கை காட்ட முடியும் என்பதற்கு இடம் கொடுத்த தொடர் இது. 2017இல் சுஜாத்ரோ கோஷ் என்ற இளைஞர் பெண்களுக்குப் பசு முகமூடி மாட்டி, இந்தியா கேட் போன்ற இடங்களில் நிறுத்தி, இந்த நாட்டில் பெண்ணைவிடப் பசுவுக்குப் பாதுகாப்பு அதிகமா என்று கேட்டார். மிரட்டல்கள் வந்தன. கேள்வி சரியானது. ஆனால் ஒரு படம் பார்த்தால் மீதியையும் பார்த்ததாகிவிடும். கில்லின் படங்களை அப்படிச் சொல்ல முடியாது.

யாரும் வேடிக்கைக்காக எடுக்காத வேடிக்கைப் படங்களும் உண்டு. நெதர்லாந்தின் எரிக் கெசல்ஸ் பழைய குடும்ப ஆல்பங்களைத் தேடிப் பொறுக்கி 'ஏறக்குறைய எல்லாப் படத்திலும்' என்ற புத்தக வரிசை வெளியிடுகிறார். ஒன்றில், தங்கள் கறுப்பு நாயைப் படமெடுக்க ஒரு குடும்பம் வருஷக்கணக்காக முயல்கிறது. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் நாய் வடிவில் ஒரு கரிய ஓட்டை. இன்னொன்றில், டச்சுப் பெண் ஒருவர் 1936 முதல் ஆண்டுதோறும் திருவிழாத் துப்பாக்கிக் கடையில் குறி பார்க்கிறார். குண்டு இலக்கில் பட்டால் கேமரா தானாகச் சுடுபவரைப் படமெடுக்கும் ஏற்பாடு. பதின்பருவப் பெண் பக்கம் பக்கமாகக் கிழவியாகிறார், துப்பாக்கி மட்டும் நம்மையே குறிபார்க்கிறது. 1939 முதல் 1945 வரை படங்கள் இல்லை. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வகையில் இதை மிஞ்சிய நூலை நான் பார்க்கவில்லை.

2015இல் பால் ஜாய்ன்சன்-ஹிக்ஸ், டாம் சல்லம் இருவரும் தொடங்கிய 'வனவிலங்கு நகைச்சுவைப் புகைப்பட விருது' உலகெங்கும் பிரபலம். கிட்டார் வாசிப்பதுபோல் நிற்கும் கங்காருவும் நடுவிரல் காட்டும் ஆமையும் நம் வாட்ஸ்அப் வரை வந்தவர்கள். சிரிக்கலாம், ஒருமுறை.

மௌரிசியோ கத்தலான், பியர்பாவோலோ ஃபெராரி இருவரும் 2010இல் தொடங்கிய 'டாய்லெட்பேப்பர்' இதழ்தான் இந்தத் துறையின் திசையையே மாற்றியது. எழுத்தே இல்லாத இதழ். பளிச்சென்ற வண்ணத்தில் வெட்டுண்ட விரல்கள், தவளை நுழைந்த ரொட்டி, அதிர்ச்சியும் இனிப்பும் கலந்த படங்கள். ஆரம்பத்தில் அது விளம்பரத்தைப் பார்த்துச் செய்த கேலி. சில ஆண்டுகளில் நவநாகரிக ஆடை நிறுவனங்கள் அதே பாணியில் தங்களுக்கு விளம்பரம் செய்து தரச் சொல்லி வந்தன, செய்தும் கொடுத்தார்கள். தட்டிலும் கோப்பையிலும் அந்தப் படங்கள் அச்சாகி விற்பனைக்கு வந்தன. இன்று எந்தப் பெரிய கடையின் சுவரொட்டியிலும் தொலைபேசியைச் சாப்பிடும் அழகியைக் காணலாம். கேலியைச் சந்தை வாங்கிப் போட்டுக்கொண்டது. ஸ்வீடனின் எரிக் ஜோஹான்சன் இன்னொரு வழியில் சென்றார். நிலவை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து மாட்டும் பணியாளர்கள் போன்ற காட்சிகளுக்காக ஒவ்வொரு துண்டையும் நிஜமாகப் படமெடுத்து மாதக்கணக்கில் கணினியில் இணைக்கிறார். உழைப்பு அபாரம். ஆனால் அவருடைய படங்களை வியக்கத்தான் முடிகிறது. எந்தக் குறையும் இல்லாத இணைப்பில் கேமராவின் சாட்சியம் அமுங்கிவிடுகிறது.

இயந்திரம் வந்து அடித்தது இந்த இடத்தில்தான். 2023 ஏப்ரலில் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்று, அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படம் என்று அறிவித்து, பரிசை மறுத்தார். இன்று நிலவை வேனில் ஏற்ற ஒரு வாக்கியம் தட்டச்சு செய்தால் போதும். விசித்திரம் மலிந்துவிட்டது. பன்னிரண்டு கால் பாம்பு வேண்டுமா, நூறு கால் பாம்பு வேண்டுமா, நொடியில் வரும். அதனால்தான் அது யாரையும் சிரிக்க வைப்பதில்லை. போன்ட்குபெர்டாவின் பொய் நம் நம்பிக்கையைச் சோதித்தது, நம்பிக்கையே இல்லாத இடத்தில் சோதிக்க ஒன்றுமில்லை. என் தீர்ப்பு இது: ஜோஹான்சன் போன்றவர்களின் வழி அநேகமாக அடைபட்டுவிட்டது. புளூமே தம்பதியின் உருளைக்கிழங்குக்கும் நிஷிமோட்டோவின் குப்பைப் பைக்கும் ஜவ்ஹார்க்காரர்களின் முகமூடிக்கும் மதிப்பு கூடியிருக்கிறது. அங்கே யாரோ உண்மையில் விழுந்தார்கள், சுமந்தார்கள், வெயிலில் நின்றார்கள்.

இந்த உழைப்பு தமிழ்நாட்டில் ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ நடந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பட்டையால் மறைத்து ஒருமுறை, பிலிமை நகர்த்தாமல் மறுபாதியை மறைத்து இன்னொருமுறை எடுத்தால் ஒரே ஆள் தனக்குத் தானே கை கொடுப்பார். 1940இல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்த பிறகு இந்த ஆசை திரையில் மட்டுமா நின்றது? பொருட்காட்சித் திடலில் அட்டை விமானத்திலும் பிறை நிலாவிலும் உட்கார்ந்து எடுத்தவை, மெரினாவில் நடிகரின் அட்டை உருவத்தின் தோளில் கை போட்டு எடுத்தவை எல்லாம் இந்த வரலாற்றின் பகுதிதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களை மின்வடிவில் சேமித்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டியது கொஞ்சம். கண்ணாடி நெகட்டிவ்களும் பிலிம்களும் கடை மூடும்போது காயலான் கடைக்குப் போயின. நம் குடும்பங்களும் கல்யாண ஆல்பத்தைப் பீரோவில் பூட்டிவைத்து, சித்தப்பா அட்டை விமானம் ஓட்டிய படத்தைத்தான் முதலில் தூக்கி எறிகின்றன.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் எறியாதீர்கள். பின்புறம் பென்சிலால், அழுத்தாமல், எடுத்த ஊர், ஸ்டூடியோ பெயர், ஆண்டு, படத்தில் இருப்பவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைப்பேசியில் படம் பிடித்தால் போதாது, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அதை எடுத்த புகைப்படக்காரர் உயிரோடு இருந்தால் எப்படி எடுத்தார் என்று இந்த வருஷமே போய்க் கேளுங்கள்.